பிராங்ளினின் மூளைக்குப் பயிற்சி

என் வீட்டுக்காரர் பிராங்ளின் தலையில் ஒயர் ஒட்டப்போகிறார்கள் என்றதும் எனக்கு வந்த முதல் சந்தேகம், கரண்ட் அடிக்குமா என்பதுதான். குன்னூர் கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் காயத்ரி சிரித்தாள்.

"கரண்ட் உள்ளே போகாதுங்க அக்கா. மூளை என்ன பண்ணுதுன்னு வெளியில இருந்து பாக்கறதோட சரி."

பார்ப்பதற்குள்ளேயே முதல் நாள் பாதி போய்விட்டது. நாலு பேர் பார்க்கிற இடமாயிற்றே என்று நான்தான் அவர் தலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக் கூட்டிவந்திருந்தேன். பசை ஒட்டவே இல்லை. துடைத்துத் துடைத்து அந்தப் பெண் களைத்துப்போனாள்.

பிராங்ளின் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில், இலை தூளாகும்வரை பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர். குவார்ட்டர்ஸும் அதை ஒட்டியே. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஷிஃப்டில் பெல்ட் அறுந்து மெஷின் நின்றுவிட்டது. இவர் கண்ணயர்ந்திருந்தார். இலை மொத்தமும் புளித்து வீணானது. அன்றோடு தூக்கம் போயிற்று. படுத்தாலும் காது மட்டும் ஃபேக்டரியிலேயே கிடக்கும். சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால் போர்வையை உதறிவிட்டு ஓடுவார். கடைசியில் ஒருநாள் நின்றபடியே தூங்கி, இலை காயவைக்கும் சூடான ட்ரையர் மேல் சாயப்போனவரைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். "நல்லாத் தூங்கி எந்திரிச்சு வா, இல்லாட்டி வேற ஆளப் பாக்கறேன்" என்று மேனேஜர் லீவில் அனுப்பிவிட்டார். வேலை போனால் வீடும் போகும். குன்னூர் கிளினிக் டாக்டரிடம் கூட்டிப்போனேன், அவர்தான் மாத்திரையோடு இந்தப் பயிற்சியையும் சொன்னார்.

"பாட்டு ஒண்ணு ஓடுமுங்க. மூளை அமைதியா இருந்தா ஓடிட்டே இருக்கும், பதறுனா நின்னுக்கும். சார் ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா உக்காந்தாப் போதும், மூளை தானா கத்துக்கும்" என்றாள் காயத்ரி.

சும்மா உட்காரப் பயிற்சியா? என்றைக்குத் தூக்கம் வரும் என்று கேட்டேன். சிலருக்குப் பத்துத் தடவையில் தெரியுமாம், சிலருக்கு இருபது ஆகுமாம், சிலருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகுமாம். நடுவில் அசதியோ தலைவலியோ வரலாமாம். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாதாம். பிறகு எது வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 

சில வாரம் போனோம். நிலைமை மோசமானதுதான் மிச்சம். பாட்டு நின்றதும் இவர் விருட்டென்று எழுவார், ஒயர் பிடுங்கிக்கொள்ளும், காயத்ரி மறுபடி பசை தடவுவாள். வீட்டிலோ கண்ணே மூடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, சும்மா உக்காருன்னா உக்காரக்கூடவா தெரியாது?" என்று கிளினிக்கிலேயே கத்திவிட்டேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். "சத்தம் நின்னுருச்சே ஜெஸிந்தா. என்னமோ மக்கர் ஆயிருச்சுன்னு காலு தானா எந்திரிக்குது."

காயத்ரி பசையைக் கீழே வைத்தாள். மூளையைச் சாந்தப்படுத்த வைத்த பாட்டு, நிற்கும்போதெல்லாம் இவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டுவந்து மாற்றி வைத்தாள். இனிமேல் பாட்டு நிற்காது, மூளை பதறினால் எதிரே டிவியில் ஓடும் படம் மட்டும் மங்கும்.

பாட்டு ஒரே சீராக ஓடியது. படம் மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது. நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். எது நல்லது, எது கெட்டது என்று ஒரு இழவும் புரியவில்லை. திடீரென்று பக்கத்தில் ஒரு குறட்டை கேட்டது. பிராங்ளின் வாயைத் திறந்துகொண்டு, கழுத்து ஒரு பக்கம் சரிய, தூங்கிக்கொண்டிருந்தார்.

காயத்ரி பதறி எழுந்தாள். "அய்யோ அக்கா, தூங்கக் கூடாதுங்க. முழிச்சிருந்தாத்தான் மூளை கத்துக்கும். எழுப்புங்க."

தூக்கம் வரவில்லை என்றுதானே வந்தோம்? இது குணமானதா, பயிற்சி கெட்டதா? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவரைத் தொடப்போன காயத்ரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்குப் பயிற்சி கணக்குல வராதுங்க அக்கா."

"வராட்டிப் போகுது கண்ணு. ஒரு போர்வை இருக்குதா?"