வாய் நெளிந்த மேகசின்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. காலையில் தூறல் விழுந்தது. நண்பகலுக்குப் பின் வானம் வெளுத்து, காற்று முற்றிலும் நின்றுவிட்டது.

பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்குத் துப்பாக்கியுடன் காவல் இருப்பது எனது தொழில். ஆண்டுதோறும் நடைபெறும் சுடுதல் தேர்வில் தேறினால் மட்டுமே அத்தொழில் எனக்கு நிலைக்கும். என் அக்காளின் கணவரும் அதே நிறுவனத்தில் காவலர். அன்று சுடுபயிற்சிக் கூடத்தில் எனக்கு முன்பே சுட்டுத் தேறிவிட்ட அவர், என் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தோட்டா வெடித்ததும் கைத்துப்பாக்கி அடங்கிவிட்டது. வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே தெறித்திருந்தது. ஆனால் தோட்டாக்களை அடுக்கிப் பிடியினுள் செருகும் மேகசினிலிருந்து மேலெழும்பி வரவேண்டிய அடுத்த தோட்டா, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பாதி வழியில் சிக்கி நின்றது. அதனை அகற்றிவிட்டு மீண்டும் சுட்டேன். மீண்டும் சிக்கிற்று.

“கை தொவளுதும்மா,” என்றார் பயிற்சியாளர். அவரை நாங்கள் மீசை என்று அழைப்போம், அவர் காதில் விழாத தூரத்தில். “துப்பாக்கியப் பூங்கொத்து மாதிரி பிடிச்சா அது எப்படி வேலை செய்யும்?”

“அப்ப வேற மேகசின் குடுங்க சார். கை இதே கைதான்.”

கொடுத்தார். அதிலிருந்த தோட்டாக்கள் அனைத்தும் தங்குதடையின்றி வெடித்தன. பழைய மேகசினைக் காலி செய்து வெளிச்சத்தில் பிடித்தேன். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் வாய் விளிம்புகளில் ஒன்று வெளிப்புறமாக நெளிந்திருந்தது. யாரோ எப்போதோ கீழே போட்டிருக்க வேண்டும்.

மீசையும் அதைக் கண்டார். “சரி விடு. ரெண்டாவதா சுட்டத மட்டும் கணக்குல எடுத்துக்கறேன். நீ பாஸ். கெளம்பு.”

“இது?”

“மேகசின் பெட்டிக்குப் போகும். வேற எங்க போகும்? ஒண்ணு கொறஞ்சா மேல இருக்கறவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்.”

நாள்தோறும் வண்டி புறப்படும்போது நாங்கள் அனைவரும் அப்பெட்டியில் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்பவர்கள்.

அத்தான் என் காதருகே குனிந்தார். “அதான் பாஸ்னு சொல்லிட்டாரே, வாய வச்சுக்கிட்டு சும்மா இரேன். வேலை போச்சுன்னா உங்க அக்கா என்னைத்தான் வறுத்தெடுப்பா.”

“நாளைக்கு இது உங்க இடுப்புல இருந்தா, அத்தான்? எவனாவது வண்டிய மறிச்சா, கொஞ்சம் இருப்பா, சிக்கினத எடுத்துட்டு வரேன்னு சொல்வீங்களா?”

அவர் சிரிக்க முயன்றார்; இயலவில்லை.

“பெட்டில போடும்மா,” என்றார் மீசை. “போடலன்னா பாஸும் கிடையாது, வேலையும் கிடையாது.”

காலி மேகசினைச் சிமெண்டுத் தரையில் கிடத்தினேன். காலணியின் குதிகாலால் அதன் வாயை ஓங்கி மிதித்தேன். தகடு எளிதில் பணியவில்லை, நானும் விடவில்லை. அது நசுங்கித் தட்டையாகும்வரை மிதித்தேன். இனி அதற்குள் ஒரு தோட்டாவும் நுழையாது.

“இப்ப போட்டுக்கங்க சார், பெட்டில.”

மீசை வாயிலைச் சுட்டிக்காட்டினார். அத்தான் பெட்டியருகே சென்று, எஞ்சியிருந்த மேகசின்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலானார். நான் சீருடையின் தோள்பட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அப்போது பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்.