வாலுவின் சிவந்த கண்

வாலுவுக்கு நாலு வயசு. வீட்டில் அவளை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கொஞ்ச நாளாக அவள் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தன. கசக்கிக் கசக்கி இமையே தடித்துவிட்டது.

அப்பன்காரன் மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கிறவன். மகள் என்றால் உயிர். கோபமோ மூக்குக்கு மேல் வரும். "போனைக் குடுத்துக் குடுத்தே கண்ணைக் கெடுத்துட்ட" என்று முதலில் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் தன் அக்கா மேல் பாய்ந்தான். அவள் கைக்குழந்தைக்கு அப்போதுதான் கண்வலி வந்து போயிருந்தது.

"உன் புள்ளைகிட்டருந்துதான் ஒட்டிக்கிச்சு. இனிமே தூக்கிட்டு இங்க வராதக்கா."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதோடு சரி, இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

டாக்டரம்மா வாலுவின் இமையை விலக்கிப் பார்த்தார். "பீளை இல்ல. ஒட்டுவாரொட்டி மாதிரி தெரியல. எப்ப ஜாஸ்தியாகுது?"

"சாயங்காலம்தாங்க," என்றாள் பெண்டாட்டி. "இவரு வேலை விட்டு வந்ததும் தோள்ல ஏறிக்குவா. இறங்கவே மாட்டா."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தான். காலர், புருவம், காதுமடல் எல்லாம் மரத்தூள்.

"குளிச்சு, சட்டை மாத்திட்டுத் தூக்குங்க," என்றார்.

கண்டவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தவன், இப்போது தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பாவி, தினமும் ஆசை ஆசையாய்த் தூசியை ஊட்டியது அவன்தானே. அக்காவுக்கு போன் போட்டான். அவள் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து வாலு வாசலுக்கு ஓடிவந்தால் கையை நீட்டித் தடுப்பான். "கிட்ட வராத, கண்ணு எரியும்." அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பாள். பார்த்தால் மனசு கேட்காதென்று தலையைக் குனிந்தபடி குளியலறைக்குள் நுழைந்துகொள்வான். இவன் வெளியே வருவதற்குள் பிள்ளை விளையாட்டுக்குத் திரும்பியிருக்கும்.

கண் தெளிந்தது. ஒருநாள் அவன் பட்டறையிலேயே தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் குந்தி இரண்டு கையையும் விரித்தான்.

"குளிச்சிட்டேன்டா கண்ணு. வா."

வாலு எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பொம்மையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கிட்ட வராதப்பா," என்றாள், கோபமே இல்லாமல். "பாப்பாவுக்குக் கண்ணு எரியும்."

விரித்த கையை மடக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.