அமைப்பு பொறுப்பல்ல

...வருவார்கள், வராமல் எங்கே போவார்கள், மூன்று வாரம் வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறேன், பன்னிரண்டு பேர் வருகிறேன் என்றார்கள், மணி ஆறே முக்கால்தானே ஆகிறது... தார்ப்பாயில் கடப்பாரைகளை மூன்றாவது தடவையாக அடுக்குகிறேன். மலைப்பாதைகளைப் பராமரிக்கிற அமைப்பு இது, தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் என்று என் அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள், அதாவது ஆள் பிடிக்கிறவள். போன மழையில் சரிந்தது கீழ்த்தெருவிலிருந்து பேருந்துச் சாலைக்கு ஏறும் பாதை. என் தெரு. மூட்டை சுமப்பவரும் பள்ளிப் பிள்ளையும் இப்போது ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கமிட்டியில் செயலாளர் சொன்னார், "அந்த ஜனங்க ஒரு கல்லை நகர்த்த மாட்டாங்கம்மா. நாம செஞ்சு கொடுத்தாலும் கெடுக்கத்தான் தெரியும்." அந்த ஜனங்க! அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் கொடுத்த பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பன்னிரண்டு பேரைக் கூட்டி வருகிறேன், அவர்கள் வேலை செய்தால் சரிவைக் கட்டுவோம், இல்லையென்றால் வேலி போட்டு மூடிவிடுங்கள் என்று நானேதான் சொன்னேன். தெருவைக் கேட்காமல் தெருவைப் பந்தயம் வைத்தேன், என்ன வாய் இது...

வந்துவிட்டார்கள். எண்ணாதே, எண்ணுவது தெரியாமல் எண்ணு... பன்னிரண்டு. முன்னால் மேஸ்திரி, இந்த ஊரில் பாதிச் சுவர் அவர் கட்டியது. அவர் பின்னால் தையல்கார அக்கா, வேலைநாளுக்கு வைத்திருக்கும் பழைய செருப்போடு. "ஏ ஆபீசரம்மா, டீயாச்சும் உண்டா, இல்ல வெறும் கல்லுதானா?" என்று அவள் கத்த, எனக்குச் சிரிப்பு வந்தது, மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. அதற்குள் செயலாளர் காரிலிருந்து கோப்போடு இறங்கிவிட்டார். "முதல்ல கையெழுத்து. அப்புறம்தான் மண்வெட்டி." ஆளுக்கொரு தாள். எனக்குத் தெரியாதா அந்தத் தாள்? வாராவாரம் கொடுக்கிறேன், காரில் வருகிறவர்கள் படிக்காமலே போட்டுவிட்டுக் கையுறை கேட்பார்கள். கீழ்த்தெருவில் ஒரு வாசலில்கூட இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மறந்தா போனேன்? இல்லை. மலை வரைக்கும் வந்துவிட்டால், நாலு பேர் பார்க்க, கூச்சத்தில் போட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். கெட்டிக்காரிதான் நான்...

"இதுல என்னம்மா போட்டிருக்கு?" மேஸ்திரி தாளை நீட்டுகிறார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க" என்று செயலாளர் முந்திக்கொண்டார். அந்த 'சும்மா' எனக்குப் பழக்கமானது. அப்பாவின் இரண்டு விரல் பட்டறையில் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி அதைத்தான் சொன்னான். நான் ஏழாம் வகுப்பு. "எம் பொண்ணு படிப்பா" என்று அப்பா என்னிடம் கொடுத்தார், நானும் நிமிர்ந்து நின்று, ஒரு எழுத்துப் பிசகாமல், வகுப்பில் படிப்பதுபோலக் கணீரென்று படித்தேன். 'எவ்விதக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்.' ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. அடுத்த கட்டிலில் இருந்தவர் கைகூடத் தட்டினார். அப்பா மீதிக் கையால் கையெழுத்துப் போட்டார்... அதற்குப் பிறகுதான் நான் பட்டம் வாங்கினேன், யாருக்காக, எதற்காக, இன்னொரு கூட்டத்துக்கு இன்னொரு தாளை நீட்டுவதற்கா?

"அண்ணே, நான் சொல்றேன், கேளுங்க. கல்லு உருண்டு காலு போனாலும், கடப்பாரை பட்டுக் கண்ணு போனாலும், இவங்க ஒண்ணும் தர மாட்டாங்க, நீங்களும் கேக்கக் கூடாது. இதான் போட்டிருக்கு." செயலாளரின் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். தையல்கார அக்கா, அதற்குள் எடுத்து மாட்டியிருந்த கையுறையைக் கழற்றித் தார்ப்பாயில் போட்டாள். இரண்டு பேர் திரும்பிக் கீழே பார்த்தார்கள். போகப்போகிறார்கள், போனால் வேலி, போனால் என் தெரு மழைக்காலம் முழுக்கச் சுற்றிப்போகும், எல்லாம் என்னால்... மேஸ்திரி சொன்னார், "கல்லு அடுக்கத் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கல. கை போனா கேக்காதன்னு மட்டும் எழுதி வாங்குறாங்க. ஏம்மா, இது தெரிஞ்சுதான் கூப்பிட்டியா?" பொய் சொல்ல நேரம் இருந்தது. "தெரியும்ண்ணே. சொன்னா வரமாட்டீங்கன்னு மறைச்சேன்."

பேனாவை எடுத்தேன், தார்ப்பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தேன், பன்னிரண்டு தாளையும் திரும்ப வாங்கி ஒவ்வொன்றிலும் அந்த வரியை அடித்தேன், காயம் பட்டால் சிகிச்சைச் செலவை அமைப்பு ஏற்கும் என்று மேலே எழுதினேன், கீழே என் பெயர், பதவி, தேதி. "உனக்கு அந்த அதிகாரம் கிடையாதும்மா," செயலாளரின் குரல் தலைக்கு மேலே. கிடையாதுதான். "கமிட்டியில வந்து சண்டை போடுறேன் சார். வேலையை விட்டு எடுத்தாலும் சரி, சண்டை போட்டுட்டுத்தான் போவேன். இப்ப மண்வெட்டியைக் கொடுங்க." அவர் கொடுக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். மேஸ்திரி, "உங் கையெழுத்து செல்லுமா?" என்றார். "தெரியலண்ணே. செல்ல வைக்கணும்." அவர் தன் தாளில் கையெழுத்துப் போட்டார், ஆனால் என்னிடம் தரவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்." தையல்கார அக்கா கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள், அவள் தாளும் மடிந்து பர்ஸுக்குள் போனது. ஒவ்வொருவராக. பன்னிரண்டு தாளும் போயின, செயலாளரின் கோப்பு வாய் பிளந்து கிடந்தது.

என்னை நம்பவில்லை, தாளைத்தான் நம்புகிறார்கள். கோபம் வரவேண்டும், எல்லாவற்றுக்கும் வருகிறதே... வரவில்லை. மேஸ்திரி சரிவின் அடியில் முதல் கல்லைப் புரட்டிப் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கி, அடுத்ததைக் கேட்கிறார். தூக்கிக் கொடுக்கக் குனிகிறேன், கல் கனக்கிறது, விரல் அடியில் சிக்குகிறது, இழுத்துக்கொள்கிறேன். இந்த வேலையில் சேர்ந்த அன்று எனக்கும் ஒரு தாள் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன இருந்தது? அதன் நகல் யாரிடம் இருக்கிறது?