ஹில்டா நிறுத்திய இடம்

ஹில்டாவின் கணவர் ஏசுபாதம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது ஜெயவேலு அவளைப் பார்க்க வந்தார். கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் போகும் சர்ச்சின் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"ஹேண்டல் இறந்து இந்த வருஷத்தோட இருநூத்தி அம்பது வருஷம் ஆகுது. ஈஸ்டர் முடிஞ்சதும் ஸ்கூல் ஹால்ல ஒரு கச்சேரி வெக்கிறோம்க்கா. அண்ணனுக்குப் பிடிச்ச ஆபரா பாட்டை நீங்க பாடணும்."

ஹில்டா சரி என்றாள். மறுப்பதற்கும் ஏதாவது தோன்ற வேண்டுமே.

இருபது வருஷத்துக்கு முன்னால் அதே பாட்டை வேண்டாம் என்றவர் இந்த ஜெயவேலுதான். குழுவுக்கு ஹேண்டல் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பாடும் கோரஸ் மட்டும். அந்த இசையமைப்பாளர் நாற்பதுக்கு மேல் ஆபரா, அதாவது இசை நாடகங்கள், எழுதியவர், செத்த பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அவற்றை யாரும் மேடையேற்றவே இல்லை என்று ஏசுபாதம் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார். முதுகுக்குப் பின்னால் ஏசுபாதத்தை 'ஆபரா' என்றே கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"முதல்ல பாடினதையே கடைசில திரும்பப் பாடணுமாம். யார் உக்காந்து கேக்கிறது?" என்று ஜெயவேலு அன்று கேட்டார்.

"நடுவுல அந்தப் பாட்டுல வர்ற ராணிக்கு என்னென்னவோ நடந்துடுதே. அதுக்கப்புறம் அதே வரிய அப்படியே பாட முடியுமா? இழைச்சு, மாத்தித்தான் பாடுவா. அங்கதான் பாட்டே இருக்கு" என்றார் ஏசுபாதம். யாரும் காதில் வாங்கவில்லை.

"இப்ப வெளிநாட்டுல ஹேண்டலோட ஆபராவைத்தான் தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்களாம். நெட்ல படிச்சேன். அண்ணன் அன்னிக்கே சொன்னாரு" என்றார் ஜெயவேலு இப்போது. அவள் சந்தோஷப்படுவாள் என்று முகத்தைப் பார்த்தார். ஹில்டா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குரோம்பேட்டையில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் ரமாவின் வீட்டில் ஒத்திகை நடந்தது. சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை.

"முதல் பகுதி திரும்ப வர்றப்ப சங்கதி ஏதாவது போடணும் இல்லக்கா?" என்று ரமா கேட்டாள்.

"அன்னிக்குப் போட்டுக்கலாம்."

கச்சேரியன்று ஹால் நிறைந்திருந்தது. கணவன் கைவிட்ட ராணியின் பாட்டு அது. முதல் பகுதியில் கெஞ்சுகிறாள். ஹில்டா நிதானமாகப் பாடினாள். நடுப்பகுதியில் ராணிக்குக் கோபம், வேகம். அதையும் பாடி முடித்தாள். முதல் பகுதிக்குத் திரும்புவதற்கான இசையை ரமா வாசித்தாள். ஹில்டா வாயைத் திறந்தாள். மாற்றிப் பாடவும் வரவில்லை, பழையபடி பாடவும் வரவில்லை. அழுகை இல்லை. ரமா இன்னொரு முறை வாசித்தாள். ஹில்டா சபையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள்.

பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயவேலு மைக்கில் ஏசுபாதத்தின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றும் தட்டினார்கள். ஹில்டாவும் கூடவே எழுந்தாள். யாருக்காக நிற்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

வெளியே ஆட்டோவுக்குக் காத்திருக்கையில் ரமா கேட்டாள்: "மறந்துடுச்சாக்கா?"

"இல்ல ரமா. எல்லாம் ஞாபகம் இருக்கு."

ரமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹில்டா விலக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஜெயவேலு வந்தார். "எல்லாரும் இன்னொண்ணு கேக்கிறாங்கக்கா. அண்ணன் சொன்னதுல வேற எதுனா பாடலாமா?"

"வேற யாரையாவது பாட வைங்க," என்றாள் ஹில்டா. "முழுசா பாடச் சொல்லுங்க. நான் வந்து கேக்கிறேன்."