பத்து விரலும் ஒரு நாற்காலியும்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, படையும் கருவூலமும் நீதிமன்றமும் உடைய ஓர் அரசாங்கம், தன் முன் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு விரலே இல்லை என்று கண்டுபிடித்தது.

விரல் பத்தும் இருந்தன. ரேகைதான் இல்லை. ஆறு வருஷமாக ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். கையுறை மாதத்துக்கு ஒரு ஜோடி. முதல் வாரமே பொத்தல். மிச்சத்தை பிளீச்சிங் பவுடர் பார்த்துக்கொண்டது. அகதியாக வந்திறங்கிய அன்று வைத்த ரேகையும் இன்றைய ரேகையும் ஒத்துப்போனால்தான் குடியுரிமை.

“இது ரெண்டாவது தடவைம்மா,” என்றார் கவுன்டர்காரர். “அடுத்த தடவையும் மெஷின் எடுக்கலைன்னா ஃபைலை மூடிடுவாங்க. முதல்லேர்ந்து வரணும்.”

“நான் என்ன சார் பண்ணட்டும்?”

“ரெண்டு வாரம் கையில தண்ணி படாம வச்சுக்குங்க.”

அவர் தலைக்கு மேல், உழைக்கும் கரங்களை இந்நாடு வணங்குகிறது என்று ஒரு போஸ்டர் தொங்கியது.

அவளுக்கு நாட்டுப்பற்றெல்லாம் அப்புறம். முதலில் நாற்காலி. கழுவுமிடத்தில் மேற்பார்வை பார்ப்பவருக்கு மட்டும் ஒன்று உண்டு. போன வருஷம் அது காலியானபோது மேனேஜர், “ரூல்படி குடியுரிமை உள்ளவங்கதான் உக்காரலாம். நீ பேப்பரோட வா, உனக்குத்தான்,” என்றிருந்தார். அன்றிலிருந்து அவள் கால்கள் அந்தப் பேப்பருக்காகத்தான் நின்றுகொண்டிருந்தன.

வீடென்பது ஓர் அறை. அதில் அம்மா, அவள், அண்ணன். அண்ணனுக்கு வீட்டில் மந்திரி என்று பேர். உத்தரவு போடுவதோடு சரி. அவனுடைய ஃபைல் இன்னும் வரிசையில் கடைசியில் கிடந்தது.

“ரெண்டு வாரம் இவளுக்குப் பதிலா நீ போடா,” என்றாள் அம்மா.

“நானா? எச்சித் தட்டு கழுவவா?”

“ஏன், கிரீடம் நனைஞ்சிருமா?”

போனான். அவள் விரல்களில் வாசலின் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா ஊட்டிவிட்டாள். ஆறு வருஷக் களைப்பில் மகள் பாதிக் கவளத்திலேயே தூங்கிப்போனாள். மந்திரி தினமும் சட்டை நனையாமல் வீடு திரும்புவதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கத் தெம்பில்லை.

மூன்றாம் தடவை மெஷின் வெகுநேரம் யோசித்து, பத்து விரலுக்கும் பச்சை விளக்கு காட்டியது. அன்று பிற்பகலே உறுதிமொழி. பெரிய அதிகாரி ஒருவர், இன்று முதல் உங்களுக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று நாற்பது நிமிஷம் பேசினார். எல்லோரையும் நிற்க வைத்துத்தான் பேசினார்.

மறுநாள் காலை பேப்பரோடு கேன்டீனுக்குப் போனாள். நாற்காலியில் மந்திரி, கால்மேல் கால் போட்டு.

“ரூல் இல்லைன்னு சொல்லலைம்மா,” என்றார் மேனேஜர். “ஆனா உங்கண்ணன் என்னமா அதட்டுறார். முதல் நாளே எல்லாரும் மேலேர்ந்து அனுப்பின ஆளுன்னு நெனச்சுட்டாங்க. நானுந்தான்.”

“அவனுக்குக் குடியுரிமை கிடையாதே சார்.”

“உனக்குத்தான் வந்துருச்சே. ஒரே குடும்பம்தானே.”

மந்திரி தங்கையைப் பார்க்காமல் தட்டுகளைப் பார்த்தான். “கோச்சுக்காத பாப்பா. சம்பளம் நம்ம வீட்டுக்குத்தானே வருது.”

அவள் பேப்பரை நனையாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

மதியம் வரை குடிமகள் பாத்திரம் கழுவினாள். அகதி உட்கார்ந்திருந்தான்.