பதினைந்து வருஷத்துப் பழம்பாட்டு

வெள்ளைக்காரனுக்கு எதுதான் பழசு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஆயிரம் வருஷத்துப் பாட்டைத் துணி துவைத்துக்கொண்டே பாடுவார்கள். அதற்காக யாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டது கிடையாது. இங்கே மாண்ட்ரியாலில் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த பாட்டை ரேடியோவில் போட்டுவிட்டு, 'பொன்னான பழசு' என்று அறிவிப்பாளர் தழுதழுக்கிறார். பதினைந்து வருஷம்! என் ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்கு அதைவிட வயசு ஜாஸ்தி.

அறிவிப்பாளராவது சம்பளத்துக்குத் தழுதழுக்கிறார், போகட்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு என்ன வந்தது? கும்பகோணத்தில் பிறந்து, கிண்டியில் என்ஜினீயரிங் படித்து, புவாண்ட்-கிளேரில் ஒரு கம்பெனியில் நாற்பது பேருக்கு அதிகாரியாக இருக்கிற மனிதர். அந்த 1973ஆம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் போதும், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த எங்கள் அபார்ட்மெண்டில் ரேடியோவுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வீடு இடிந்து விழுந்தாலும் ஆறு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார்.

தனியாக உட்கார்ந்தாலும் பரவாயில்லை. கூட்டாளிகள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். மணிவாசகம், மயக்க மருந்து டாக்டர். உமாபதி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் காலேஜ் வாத்தியார். மூவரும் 1957இல் ஒன்றாக இந்த ஊருக்கு வந்து ஒரே அறையில் குடியிருந்தவர்கள். ஒருவரை ஒருவர் 'சாம்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மூன்று பேருக்கும் ஒரே பெயர். "சாம், காபி வேணுமா?" என்று ஒருத்தர் கேட்டால் இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். இதற்கு ஒரு சிரிப்பு வேறு, ஒவ்வொரு வாரமும்.

அப்புறம் கச்சேரி ஆரம்பிக்கும். ரேடியோவில் பாடுகிறவன் பாட்டுக்குப் பாடுவான். இவர்கள் கூடவே இழுப்பார்கள். உமாபதி அடித்தொண்டையில் 'டும் டும்' என்பார். மணிவாசகம் கண்ணை மூடிக்கொண்டு 'ஊ...' என்பார், பல்வலிக்காரர் மாதிரி. எங்கள் வீட்டுக்காரர் உச்சஸ்தாயியில் கீச்சென்று ஏறும்போது, மேல்மாடி பிரெஞ்சுக்கார மதாம் துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டுவாள். தாளம் தப்பாமல் தட்டுவாள். அந்தக் கச்சேரியில் லய ஞானம் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

பாட்டின் லட்சணம் இருக்கிறதே! பாதிக் கோஷ்டிகளுக்குப் பறவைப் பெயர். காக்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. வார்த்தை தீர்ந்துபோன இடத்திலெல்லாம் 'ஷூ', 'டூ', 'வா'. "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று ஒரு தடவை கேட்டேன். "அர்த்தத்தையா கேக்கறே? அந்தக் காலத்தை அனுபவிச்சவனுக்குத்தான் அது தெரியும்" என்றார்.

அந்தக் காலம் என்றால், நான் இல்லாத காலம். 1962இல் மூன்று வார லீவில் வந்து, தாலியைக் கட்டி, மூட்டையோடு மூட்டையாக என்னை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய பொற்காலம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். மூலை ரெஸ்டாரண்ட்டில் காசு போட்டால் பாடுகிற பெட்டி இருந்ததாம். அங்கே ஆட்டம் என்ன, பாட்டம் என்ன, பாவாடைச் சுழற்சி என்ன! "அடடா, அந்த நாளெல்லாம்..." என்று மூன்று பேரும் சேர்ந்து பெருமூச்சு விடும்போது, பஜ்ஜித் தட்டோடு நிற்கிற நான் யார்? பொற்காலத்துக்கு அப்புறம் வந்த தகரக் காலம். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறெரிந்தது.

அதிலும் ஒரு பாட்டு. மார்செலின், மார்செலின் என்று ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு. இந்த ஊர்ப் பையன்கள் நாலு பேர் பாடி, ஒரே ஒரு இசைத்தட்டு போட்டு, காணாமல் போய்விட்டார்கள். அந்தப் பாட்டைப் போடச் சொல்லி வாராவாரம் ரேடியோவுக்குப் போன் போடுவார். அவர்களும் வாராவாரம் அந்தத் தட்டு எங்களிடம் இல்லை என்பார்கள். மூன்று நிமிஷம் முழுக்கக் கூப்பிடுகிறானாம், அவள் திரும்பியே பார்க்க மாட்டாளாம். நானாயிருந்தால் இரண்டாவது வரியிலேயே, "காது கேக்குது, என்ன விஷயம்னு சொல்லு" என்றிருப்பேன்.

பேர் சொல்லிக் கூப்பிடுவது என்றதும் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், இதையெல்லாம் நம்புவேனா? நம்ப மாட்டேன். சொல்லவும் மாட்டேன். எதற்கு வம்பு? அதுவரை பதினோரு வருஷமாக 'என்னங்க', 'இங்க பாருங்க' என்றே ஓட்டிவிட்டேன். பாங்கில் கேட்டால் அவருடைய லைசென்ஸை நீட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் தபால் பெட்டியைக் காட்டுவேன்.

அந்த வருஷம் அக்டோபரில் இவருடைய பித்தப்பையில் கல் என்றார்கள். வலி வந்தால் சோபாவில் சுருண்டு துடிப்பார், பார்க்கச் சகிக்காது. திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன், ஞாயிறு மத்தியானமே வந்து படுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் உத்தரவு. மணிவாசகம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான். "சாதாரண ஆபரேஷன் அண்ணி, பயப்படாதீங்க" என்றார் அவர். டாக்டர்கள் பயப்படாதே என்றால்தான் எனக்குப் பயமே வரும்.

வார்டு நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு முழித்தாள். "மதாம், இவரை நாங்கள் எப்படிக் கூப்பிடுவது?" என்று என்னிடம் கேட்டாள். அட்டையில் இருந்ததை வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், இன்றைக்குப் போய் ஆயுசைக் குறைக்கிற காரியத்தைச் செய்வேனா?

"சாம் என்று கூப்பிடுங்கள்" என்றேன்.

நர்ஸுக்குப் பரம சந்தோஷம். கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலில் மாட்டிவிட்டாள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லை. கோபமாயிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அப்புறம் சிரித்துக்கொண்டு, "இந்த வாரம் எனக்குப் பதில் நீ போன் பண்ணேன். ஒருவேளை உனக்குப் போட்டாலும் போடுவான். நான் டிரான்சிஸ்டர்ல கேக்கறேன்" என்றார். ஆபரேஷனுக்கு முதல் நாள் மற்றவர்கள் சாமி படம் கேட்பார்கள். இவர் மார்செலின் கேட்டார்.

வீட்டுக்கு வந்து போனைச் சுழற்றினேன். விரல் தேய்ந்த பிறகு ஒருவன் எடுத்தான்.

"யாருக்காகப் பாட்டு?"

"என் கணவருக்காக."

"அவர் பெயர்?"

"வாராவாரம் மார்செலின் கேட்பாரே, அவர்தான்" என்றேன்.

"ஓ, நம்ம சாம்!" என்று சிரித்தான். "அந்தத் தட்டு எங்களிடம் இல்லை என்று சாமுக்கே தெரியுமே."

"பொன்னான பழசு, பொன்னான பழசு என்று தண்டோரா போடுகிறீர்களே, ஒரு தட்டுக்கு வக்கில்லையா? அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்!" என்று கத்தினேன். அவன் பாவம், பயந்துபோய் வேறொரு பாட்டைப் போட்டான். அதில் வேறு எவளோ ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். "சாமுக்காக, அவருடைய அன்பு மனைவியிடமிருந்து" என்று அறிவித்தான்.

சாமுக்காகவாம். எந்தச் சாம்? நான் சாமையா கட்டிக்கொண்டேன்? ஊரெல்லாம் கேட்கிற மாதிரி புருஷனுக்கு ஒரு பாட்டுப் போடுகிறேன், அதில் புருஷனே இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலையில் நான் போவதற்குள் இவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மணிவாசகம் தன் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, காத்திருக்கும் அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பயத்தில் எனக்கு நாக்கில் விஷம் ஏறும். அவர்தான் அகப்பட்டார்.

"சொல்லுங்க டாக்டர், அந்த ரெஸ்டாரண்ட்ல நீங்கள்ளாம் யாரோட ஆடினீங்க? அந்த மார்செலின் எப்படி இருப்பா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நாங்க எங்க அண்ணி ஆடினோம்? எங்களோட யாரு ஆடுவா? ரூம்ல ஹீட்டர் வேலை செய்யாது. ரெஸ்டாரண்ட்ல கதகதன்னு இருக்கும். சும்மா உக்காந்தா எழுப்பி விட்டுடுவான்னு பெட்டியில காசு போட்டுட்டு உக்காந்திருப்போம். ஆடினவங்கள்ளாம் வேற."

"அப்ப வாராவாரம் எங்க வீட்ல விடற பெருமூச்சு?"

"ஆடாம விட்டதுக்குத்தான்" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நாங்க குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரம்மாவுக்கு எங்க பேர் ஒண்ணும் வாயில நுழையல. மூணு பேரையும் சாம்னே கூப்பிட்டா. அதுவே நிலைச்சுப்போச்சு. முதல் டிசம்பர்லயே இவனோட அம்மா போயிட்டாங்கன்னு தந்தி வந்தது. போக வழியில்ல. அன்னிக்கு அந்த மார்செலின் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டான். ஏண்டா இதையே போடறேன்னு கேட்டேன். 'என்னை முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டது அம்மா ஒருத்திதான்டா. இனிமே யாரு இருக்கா? இந்தப் பாடறவனாவது யாரையோ கூப்பிடறான், கேட்டுட்டிருப்போம்'னான்."

பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். மாமியார் போட்டோவுக்குப் பூ வைக்கிறேன். இந்த விஷயம் எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக நடந்தது என்று வந்து சொன்னார்கள். வெகுநேரம் கழித்து வேறொரு நர்ஸ் வந்து மணிவாசகத்தின் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது. "ஒண்ணுமில்ல அண்ணி. மூச்செல்லாம் சரியா இருக்கு. கண்ணு மட்டும் இன்னும் முழிக்கல. நீங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அசையாமல் கிடந்தார். முகம் மெழுகு மாதிரி இருந்தது. நர்ஸ் அவர் கன்னத்தைத் தட்டி, "சாம்! கண்ணைத் திற சாம்!" என்று கத்தினாள். நான் சொல்லிக் கொடுத்த பெயர். ஒரு சலனமும் இல்லை.

"டேய் சாம்" என்றார் மணிவாசகம். அதற்கும் அசையவில்லை.

"என்னங்க... என்னங்க, இங்க பாருங்க" என்றேன். உலகத்தில் எத்தனை பேர் எத்தனை பேரை அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவர் எதற்குத் திரும்ப வேண்டும்?

நர்ஸ் அட்டையை எடுத்துப் பார்த்து, "நாகா... நாகாசு..." என்று திணறினாள். மணிவாசகம் குனிந்து வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். குறைகிற ஆயுசு என்னுடையதில் கழியட்டும், இந்த மனுஷன் கண்ணைத் திறந்தால் போதும் என்றிருந்தது.

"நாகசுப்பிரமணியன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா அண்ணி."

"நாகசுப்பிரமணியன்!" ஒரு தடவை வந்த பிறகு நிற்கவில்லை. "நாகசுப்பிரமணியன்! எழுந்திருங்க! எத்தனை நேரம் கூப்பிடறது? நாகசுப்பிரமணியன்!"

புருவம் சுருங்கியது. கண் மெல்லத் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவுப் பக்கம் யாரையோ தேடியது.

"அம்மா?" என்றார்.

"அம்மா இல்லீங்க. நான்தான். அனுசூயா."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "நீயா கூப்பிட்டே? இன்னொரு தடவை கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைத்துவிட்டேன். மறுபடியும் கூப்பிடச் சொன்னார். மறுபடியும் கூப்பிட்டேன். முழித்துக்கொண்டுவிட்டாரே மதாம், இனிமேல் கூப்பிட வேண்டியதில்லை என்றாள் நர்ஸ்.

"நீ சும்மா இரும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.