டி டிரைவில் காணாமல் போன மயில்

அவிநாசிபாளையத்தில் கந்தவேலின் எம்பிராய்டரி யூனிட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான். அதற்குள் இரண்டு விண்டோஸ். படத்தைத் தையலாக மாற்றும் பஞ்சிங் சாப்ட்வேர் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு மெயில் அனுப்ப விண்டோஸ் பத்து வேண்டும். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கறுப்புத் திரை கேட்கும். இரண்டுக்கும் பொதுவான சேமிப்பிடம் டி டிரைவ். டிசைன் வேலை பார்க்கும் ரோஸ்மேரி எக்ஸ்பியில் பஞ்சிங் செய்து டி-யில் வைப்பாள்; பிறகு விண்டோஸ் பத்துக்குப் போய் அதை எடுத்து அனுப்புவாள்.

அப்படி வைத்த மயில் டிசைன் இரண்டு முறை காணாமல் போனது. அவள் டிசைனைப் பல்லடத்தில் எவனுக்கோ விற்றுவிட்டு அழிக்கிறாள் என்று ஆபரேட்டர்கள் எல்லோரும் கேட்கும்படி கந்தவேல் சொன்னார். இன்னொரு முறை போனால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

இன்று மறுபடியும் போய்விட்டது.

யார் அழித்தது என்று பார்க்க, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் பிரபாகரைக் கந்தவேல் வரவழைத்தார். பிரபாகர் ரோஸ்மேரியை வழக்கம்போலவே செய்துகாட்டச் சொன்னான். அவள் பத்தை ஷட்டவுன் செய்தாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு எக்ஸ்பிக்குப் போய், டி-யில் ஒரு சோதனைப் பைலை வைத்து, மறுபடி அணைத்துவிட்டுப் பத்துக்கு வந்தாள். பைல் இல்லை.

"ரீஸ்டார்ட் குடுக்கறதில்லீங்களா?" என்று கேட்டான்.

ரோஸ்மேரி கந்தவேலைப் பார்த்தாள். மழைக்காலத்தில் எம்பிராய்டரி மெஷினின் போர்டு எரிந்ததிலிருந்து, எதையும் முழுதாக நிறுத்தி ஆறவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும் என்பது அவர் உத்தரவு. கம்ப்யூட்டருக்கும் அதேதான்.

பிரபாகர் நிதானமாக விளக்கினான். பத்தை ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அடங்குவதில்லை. சீக்கிரம் எழுவதற்காக, டிஸ்கில் எது எங்கே இருக்கிறது என்ற நினைவைப் பத்திரப்படுத்திக்கொண்டு தூங்குகிறது. அந்த நேரத்தில் எக்ஸ்பி வந்து டி-யில் ஒரு பைலை வைக்கிறது. பத்து எழுந்ததும் டிஸ்கைப் புதிதாகப் பார்ப்பதில்லை. தன் பழைய நினைவை நம்பி அதன் மேலேயே எழுதிவிடுகிறது. சில நேரம் பைல் தப்பும், சில நேரம் போகும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழுதாக அடங்கி, புதிதாகப் பார்த்து எழும்.

"அப்ப யாரும் அழிக்கலீங்களா?" என்றார் கந்தவேல்.

"இல்லீங்ணா. ஆறவெச்சதுதான் அழிச்சிருக்குது."

அந்தத் தூக்கத்தை நிறுத்தும்படி பிரபாகர் செட்டிங்கை மாற்றிவிட்டுப் போனான். போன மயில் திரும்பி வராது. ரோஸ்மேரி எக்ஸ்பியைத் திறந்து, மயிலின் கழுத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். கண் எரிந்தது.

கந்தவேல் டீ வாங்கி வந்து அவளருகே வைத்தார். "குடி அம்முணி. நாளைக்குப் பண்ணிக்கலாம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டீ இருக்கட்டும் முதலாளி. அன்னைக்கு எல்லாரும் கேக்கத்தானே சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லிருங்க."

அவர் டீயை அங்கேயே விட்டுத் திரும்பினார். பிறகு உள்ளே போய் மெஷினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் ஆபரேட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.